நாற்பத்தோராவது குழல்

ஓர்கன் மாடத்துக்கு ஏறும் சுருள்படிகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்த மார்கிரட்டின் மணிக்கட்டில், பாதிவழியில் இருந்த சின்னக் கதவின் சாவித் துவாரத்துக்குக் கீழே, சூடாகக் காற்றுப் பட்டது. பட்டு, நின்று, மறுபடி பட்டது. அக்டோபர் பிறந்து பத்து நாள். கோயிலுக்கு இன்னும் வெப்பம் போடவில்லை. கற்சுவர் குளிர்ந்து விறைத்துக் கிடந்தது, வாளித் தண்ணீரில் அவளுடைய விரல்கள் மரத்துப் போயிருந்தன. அப்படியிருக்க அந்தத் துவாரத்திலிருந்து மட்டும், தூங்குகிற பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் கை வைத்தால் படுமே, அந்த இளஞ்சூட்டில், ஈயமும் பழந்தோலும் கலந்த வாடையோடு காற்று வந்து வந்து போனது. சுவருக்குள் ஏதும் வெப்பக்குழாய் போகுமாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த படிக்கு ஏறினாள்.

பதினொரு வருடமாக அவள் இந்தக் கோயிலைத் துப்புரவு செய்கிறாள். பிரான்சில், லா சப்பல் மெற்றோ ரயில் நிலையத்தில் இறங்கி, புடவைக் கடைகளையும் கைபேசிக் கடைகளையும் கொத்துரொட்டிச் சத்தத்தையும் தாண்டி, ரயில் தண்டவாளங்கள் பக்கம் திரும்பினால் வருகிற கறுத்த கத்தோலிக்கக் கற்கோயில். சனம் உட்காரும் எந்த வாங்கில் எங்கே வெடிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஆனால் பின்மாடத்தில் நிற்கும் ஓர்கனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மன்னாரில், வங்காலைக் கோயிலில், ஆர்மோனியப் பெட்டியோடு வளர்ந்தவளுக்கு இது ஒரு வாத்தியமாகவே படவில்லை. வீடு மாதிரி எழும்பி, ஆயிரத்துச் சொச்சம் குழல்களை வைத்துக்கொண்டு, நாற்பது வருடமாக வாயே திறக்காமல் நிற்கிறது. தூசி பிடிக்கிறதுக்கென்றே வெள்ளைக்காரன் கட்டி வைத்தது என்று புருசன் மடுத்தீனிடம் பகிடியாகச் சொல்லியிருக்கிறாள்.

அதைத் திருத்தத்தான் செப்டெம்பரில் ஒதீல் வந்திருந்தாள். ஓர்கன் கட்டுகிற தொழிலில் இருபது வருடம் ஊறிய பிரெஞ்சுப் பெண். அதிகம் பேச மாட்டாள், மார்கிரட் பிளாஸ்கில் கொண்டுவரும் இஞ்சித் தேநீருக்கு மட்டும் முகம் மலரும். அன்று தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போது, அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால் வெப்பக்குழாய் போகிறதா என்று மார்கிரட் கேட்டாள். இல்லையே என்றாள் ஒதீல். அங்கே துருத்திகள் மட்டும்தான், வெறும் மரமும் ஆட்டுத்தோலும். வா, காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

தலை முட்டும் உயரத்தில் ஓர் அறை. இரண்டு பெரிய துருத்திகள் அசை போட்டுக் களைத்த மாடுகள் மாதிரிப் படுத்திருந்தன. அவற்றுக்கு முன்னால் பக்கத்துப் பக்கமாக இரண்டு நீண்ட மிதிபலகைகள். மின்சாரம் வருமுன் ஆள் நின்று மிதித்தால்தான் துருத்திக்குக் காற்று ஏறும், காற்று ஏறினால்தான் குழல் ஊதும் என்று ஒதீல் சொன்னாள். ஒவ்வொரு பலகையிலும் பாதம் வைத்து வைத்துத் தேய்ந்த இரண்டு குழிகள் இருந்தன. ஒதீல் தன் காலை வைத்துக் காட்டினாள். குழி சின்னது, அவளுடைய பாதம் அடங்கவில்லை. மிதித்தவர்கள் கூலியாட்கள் இல்லை, பெண்கள் என்றாள்.

பிறகு அந்தக் கதையைச் சொன்னாள். 1870ஆம் ஆண்டுச் சண்டைக்கு இந்தப் பகுதியிலிருந்து போன பிள்ளைகளில் பலர் பனிக்குள் போனவர்கள் போனவர்கள்தான். செத்தவர் பட்டியலிலும் பெயர் இல்லை, பிடிபட்டவர் பட்டியலிலும் இல்லை. சண்டை முடிந்து கோயிலுக்கு ஓர்கன் செய்தபோது, துணி வெளுக்கிறவர்களும் ரயில்பாதைத் தொழிலாளரின் மனைவிமாருமாக நாற்பத்தொரு தாய்மார், அந்தப் பிள்ளைகள் குடித்த வெள்ளீயக் கிண்ணங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெள்ளீயமும் காரீயமும் சேர்த்து உருக்கித்தானே குழல் செய்வது. கிண்ணத்துக்கொரு குழலாக ஒரு வரிசையே செய்து, குழலின் உட்பக்கத்தில் பிள்ளையின் பெயரைக் கீறி வைத்தார்கள். ஓர்கன்காரர்கள் அந்த வகை வரிசையை மனிதக்குரல் என்பார்கள். தாய்மாரே முறை வைத்து ஏறி மிதித்தார்கள்.

அந்த வரிசையைத் திறக்கும் கைப்பிடியில் மூன்று ஆணி அடித்திருந்தது. ஏன் என்று மார்கிரட் கேட்டாள். ஒதீல் சற்றுத் தயங்கித்தான் சொன்னாள். கோயில் குறிப்பேட்டின்படி, போகப் போகத் தாய்மார் பலகையை விட்டு இறங்க மறுத்திருக்கிறார்கள். முறை மாற்ற வந்தவளோடு சண்டை. இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, இரண்டு பேர் பலகையிலேயே, கால் குழிக்குள் இருந்தபடியே செத்துக் கிடந்தார்கள். அதற்கு அடுத்த நாள் ஒரு தகப்பன் கத்தியோடு ஏறித் தன் மகனின் குழலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். கோயில் சுவாமியார் கைப்பிடிக்கு ஆணி அடித்தார். குளிர், பசி, துக்கம், அந்தக் காலம் அப்படி என்று தோளைக் குலுக்கிவிட்டு ஒதீல் தேநீரைக் குடித்தாள். பிடுங்கிய இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறதாம். அதற்குப் புதுக்குழல் ஒன்று செய்ய வேண்டுமாம்.

அன்றிரவு திரான்சியில், வீட்டில், சாப்பாடு போடும்போது மார்கிரட் இதை மடுத்தீனிடம் சொன்னாள். லா சப்பல் சாப்பாட்டுக் கடையொன்றின் அடுப்படியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த மனிதர். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"குழலைப் பிடுங்கின அந்தத் தேப்பன் செய்ததுதான் சரி," என்றார்.

அவர் எங்கே வருகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் இந்த மாதத்தில் வருகிற இடம்தான். நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்களின் நாள். அன்று தமிழ்ப் பூசையில் வாசிப்பதற்காக இம்மாகுலேற் அக்கா கொப்பியோடு திரிந்து இறந்தவர்களின் பெயர்களை எழுதுவார். எல்லோரும் கொடுப்பார்கள். மார்கிரட் தாயின் பெயர் கொடுப்பாள், தகப்பனின் பெயர் கொடுப்பாள், மகன் யூலியனின் பெயரைக் கொடுக்க மாட்டாள். பதினாறு வருடமாகக் கொடுக்கவில்லை.

2009 மே மாதம், ஊர்ச் சண்டையின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்த சனத்தை இராணுவம் வரிசை பிரித்தபோது, பதினேழு வயதுப் பிள்ளை ஒரு பக்கம் போனான், அவள் ஒரு பக்கம். பதிந்துவிட்டு விடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பிக் கையை விட்டது அவள்தான். அவன் சின்ன வயதிலிருந்தே தொய்வுக்காரன். புழுதி பட்டால் போதும், நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். அன்றைக்கும் இழுத்துக்கொண்டுதான் போனான். மூச்சுக்கு அடிக்கிற பம்ப் அவளுடைய பைக்குள் இருந்தது. அதைக் கொடுக்க வேண்டும் என்று நினைவு வந்தபோது அவனுடைய முதுகு தெரியவில்லை. பெற்ற வயிறு என்று சும்மாவா சொன்னார்கள். பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூட அது ஆறவில்லை.

மடுத்தீன் அதற்கு முன்பே, மகனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போதே, பிரான்சுக்கு வந்துவிட்டவர். அவருக்கு அது வேறு மாதிரி நோவு.

"எங்களுக்குப் பிறகு அவன்ரை பேரை ஆர் குடுக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். "போறவனைப் போகவும் விடாமல், வாசல்ல நிக்க வைச்சிருக்கிறம்."

"பேர் குடுத்தா, நான் அவனைச் சாகக் குடுத்ததா முடியும்," என்றாள் மார்கிரட்.

கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்தாள். படுத்த பிறகு அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. செத்தவருக்குக் கொப்பி இருக்கிறது, சரி. காணாமல் போனவருக்கு அந்தக் குழல் வரிசை இருக்கிறதே.

காலையில் அலுமாரியைத் திறந்து ஒரு ஈயக்குண்டை எடுத்தாள். மடுத்தீன் வங்காலையில் வீச்சுவலை வைத்திருந்த காலத்தில், வலையின் ஓரத்தில் கோத்திருந்த குண்டுகளில் ஒன்றைக் கழற்றி யூலியன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவான். தகப்பன் வெளிநாடு போன பிறகு அதைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் வந்து, கடைசியில் பம்ப்போடு அவளுடைய பைக்குள் தங்கிப்போனது. கோயிலுக்குப் போனதும் அதை ஒதீலின் உள்ளங்கையில் வைத்து, அரைகுறைப் பிரெஞ்சில், புதுக்குழலுக்குள் இதையும் உருக்கிவிட வேண்டும், அவனுடைய பெயரையும் கீற வேண்டும் என்று கேட்டாள். ஒதீல் குண்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். இத்தனை சின்ன ஈயத்தால் ஒன்றும் கெட்டுவிடாது என்று வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை குழல் வந்தது. முழங்கை நீளம், வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே யூலியன் என்று பிரெஞ்சு எழுத்தில். வரிசையில் நாற்பதும் கறுத்துக் கிடக்க, ஒன்று மட்டும் பாற்பல் மாதிரி மின்னியது. பொருத்துமுன் ஒதீல் அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். நல்ல குரல்தான். ஆனால் ஊதி முடியும் இடத்தில் ஒரு இழுப்பு. மெல்லிய விசில். ஒதீல் முகத்தைச் சுளித்தாள்; புது உலோகம், இருக்க இருக்கச் சரியாகும் என்றாள். மார்கிரட் மாடத்தின் ஓரக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த விசிலைக் கேட்டு எத்தனை இரவு விழித்திருந்தவள் அவள்.

ஒதீல் மூன்று ஆணிகளையும் கழற்றி, கைப்பிடியை இழுத்துத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். காற்றடிக்கும் மின்மோட்டார் செவ்வாய்க்கிழமைதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆத்துமாக்களின் பூசை. மார்கிரட் இரண்டு மணிக்கே வந்து வாங்குகளைத் துடைத்தாள், மெழுகுதிரித் தட்டுகளைச் சுரண்டினாள், பின்பக்கம் போகாமல் ஒரு மணி நேரத்தை ஓட்டினாள். வெளியே மெற்றோ போகும்போதெல்லாம் கண்ணாடி யன்னல்கள் கிறுகிறுத்து அடங்கின. அந்த அடக்கத்துக்குள்தான் அது கேட்டது. மேலே எங்கேயோ, மரத்துக்குள், யாரோ படியேறிக் களைத்தவர் மாதிரி மூச்சு வாங்குகிற சத்தம். அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு ஏறினாள்.

சின்னக் கதவின் துவாரத்தில் கை வைத்தாள். சூடு. வந்தது, போனது. முன்பு போல ஆறுதலாக இல்லை. அவசரமாக. விட்டு விட்டு.

உள்ளே துருத்திகள் அசையாமல்தான் கிடந்தன. சப்பாத்தைக் கழற்றி, காலுறையோடு முதற்பலகையில் ஏறினாள். குழிக்குள் பாதம் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. மிதித்தாள். பலகை இறங்கியது, தோல் முனகியது, மரச்சுவருக்குள் காற்று ஏறி ஓடுவது காலுக்குள் தெரிந்தது. யாரும் ஓர்கனின் முன்னால் இல்லை. யாரும் ஒரு கட்டையையும் அழுத்தவில்லை.

குழல் ஊதியது.

முதலில் வெறும் நாதம். பிறகு அது நடுங்கி, உடைந்து, குரல் உடைகிற வயதுப் பிள்ளையின் தொண்டையானது.

"அம்மா."

அவள் நின்றுவிட்டாள். கால் நின்றதும் காற்று இறங்கியது. காற்று இறங்க இறங்க அந்தத் தொண்டை இழுத்தது. விசில். மறுபடி விசில். நெஞ்சுக்கூடு உள்ளே போகிற இழுப்பு. பாய்க்குப் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டு, மாதாவே மாதாவே என்று அவள் விடிய விடியக் கேட்ட அதே இழுப்பு. அது நிற்கப் போகிற இடமும் அவளுக்குத் தெரிந்தது.

மிதித்தாள். மூச்சு வந்தது.

"நான் இஞ்சை இருக்கிறன் ராசா," என்றாள். "எடு. ஆறுதலா எடு."

நாலு மணி ஆனது. கீழே வாங்குகள் அரைபட்டன, சனம் வந்தது, பாட்டுத் தொடங்கியது. மேலே இருந்து வந்த நாதத்தை ஓர்கன் திருத்துகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்; ஒருவரும் ஏறி வரவில்லை. மார்கிரட் மிதித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு குதிகாலிலும் காலுறை கிழிந்து, குழி ஈரமாகி வழுக்கியது. ஒரு காலை மாற்றி வைக்கிற நேரத்துக்குள் அவன் இழுத்தான். கடவுளுக்கு முன்னால் ஒரு கையை விட்டவள் அவள். இந்தக் காலை எப்படி எடுப்பாள்?

இம்மாகுலேற் அக்கா பெயர்களை வாசித்தார். இராயப்பு. அற்புதமலர். ஒவ்வொரு பெயராக, ஒரே தாளத்தில். பிறகு ஒரு பெயர்.

மடுத்தீன் யூலியன்.

அவளுக்கு விளங்கியது. புருசன் கொடுத்துவிட்டார். அவளுக்குத் தெரியாமல், ஒருவேளை அழுதுகொண்டுதான், கொடுத்துவிட்டார். கீழே எல்லோரும் சேர்ந்து அவனுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டார்கள். மேலே அவன் மூச்சுக் கேட்டான்.

பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு படிகளில் மடுத்தீனின் காலடி கேட்டது. கதவடியில் வந்து நின்றார். அவளுடைய கால்களைப் பார்த்தார். பலகையில் வழிந்திருந்ததைப் பார்த்தார். மேலே குழலுக்குள் இழுத்த அந்த விசில் அவருக்கும் தெரிந்த விசில்தான்.

"மார்கிரட், இறங்கு," என்றார். "விடு. பிள்ளை போகட்டும்."

அவள் மிதித்தாள். மடுத்தீன் சுவரோரம் இருந்த ஏணியைப் பார்த்தார். பிறகு ஏணியைப் பிடித்து மேலே, குழல்களுக்குள் ஏறினார். அந்தத் தகப்பன் செய்ததைச் செய்யத்தான் ஏறினார். பலகைச் சந்துவழியாக அவருடைய கை தெரிந்தது. எண்ணெய்ச் சூடு பட்டுத் தழும்பேறிய கை. அது வெள்ளைக் குழலைப் பிடித்தது. பிடுங்கட்டும் என்று அவளும் நினைத்தாள். ஒரே ஒரு கணம், கால் நோவில், பெற்ற தாய் அப்படி நினைத்தாள்.

"அப்பா."

கை அசையவில்லை. மகனின் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அந்தச் சொல்லை டெலிபோனில் மட்டும் கேட்டிருந்த மனிதர் அவர்.

"அப்பா. மூச்சு வருகுதில்லை அப்பா."

கை குழலை விட்டது. மெல்ல ஏணியால் இறங்கி வந்தார். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். பூசைக்குப் போட்ட நல்ல சப்பாத்து. இரண்டையும் சோடியாகச் சுவரோரம் வைத்தார்.

"நீங்கள் வேண்டாமப்பா," என்றாள் மார்கிரட். பலகையிலேயே செத்துக் கிடந்த அந்த இரண்டு பெண்கள் அவளுடைய கண்ணுக்குள் நின்றார்கள். "கீழை போங்கோ. நான் ஒருத்தி காணும்."

அவர் இரண்டாவது பலகையில் ஏறினார்.

நாலு காலும் மிதிக்கக் காற்று நிறைந்தது. யூலியனின் இழுப்பு அடங்கியது. விசில் இல்லை. நெஞ்சு திறந்து, நீளமாக, சுகமாக மூச்சு விட்டான். மார்கிரட் அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது. மடுத்தீனும் அழுதார். பத்து மிதி இருக்கும். பத்து மிதிக்கு அவர்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருந்தார்கள்.

பிறகு பக்கத்துக் குழல் விழித்தது.

"மமோன்," என்றது. வேறொரு பிள்ளை. வேறொரு பாஷை. அம்மாவைத்தான் கூப்பிட்டது.

அடுத்தது. அதற்கடுத்தது. கறுத்த வாய்கள் ஒவ்வொன்றாக. எல்லாம் காற்றை இழுத்தன. நூற்றைம்பது வருடப் பசியோடு இழுத்தன.

யூலியனுக்கு விசில் திரும்பியது.

மிதித்தார்கள். கீழே பெரிய கதவு பூட்டும் சத்தம். விளக்குகள் அணைந்தன. ஒன்று. இன்னொன்று. இருட்டு. காற்றுப் போதவில்லை. நாற்பது பேர் குடிக்கிறார்கள். மகன் இழுக்கிறான். மகனுக்குப் பக்கத்தில் இன்னொரு இழுப்பு, இருட்டுக்குள், மிகக் கிட்ட.

அது மடுத்தீன். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருக்கிறார். கால் தவறுகிறது. அவளுக்குத் தெரிகிறது. எல்லாம் தெரிகிறது.

"கெதியா மிதியுங்கோப்பா," என்றாள் மார்கிரட். "பிள்ளைக்குக் காத்துக் காணாது."